கேழ்வரகுக் களியும் வெள்ளை பன்னும்

மைதா விஷம் என்று எனக்குச் சொல்லாதவர்கள் ஆம்பூரில் யாருமே இல்லை. சர்ச் பெண்கள் சங்கத்தில் சொன்னார்கள். ஷூ கம்பெனியில் பக்கத்துத் தையல் மெஷின் சௌந்தர்யா சொன்னாள். செல்போனைத் திறந்தால் அதுவும் சொன்னது. அதனால் என் வீட்டுக்காரர் நத்தானியேலுக்குக் கிட்னி பழுது என்று தெரிந்த அன்றே மைதாவை ஒழித்துக்கட்டினேன். பன், ரஸ்க், வெள்ளை பிரெட் எதுவும் வாசற்படி தாண்டவில்லை. காலையில் கேழ்வரகுக் களி, சாயங்காலம் கோதுமை பிரெட். நாலு மணிக்கு எழுந்து களி கிளறி வைத்துவிட்டுத்தான் ஷிப்டுக்கு ஓடுவேன்.

டயாலிசிஸ் வராமல் அவரைக் காப்பாற்றிவிட வேண்டும். பதினாலு மாதமாக எனக்கு வேறு ஜெபமே கிடையாது.

அவருக்கோ பன் என்றால் உயிர். பத்து மணி டீக்கு பன் தின்றே இருபது வருஷம் தோல் கட்டிங்கில் நின்ற மனுஷர். ஒருநாள் ஆசையாக முனகினார். நான் சும்மா விடுவேனா? டீக்கடைக்கே போய், "கலீமுல்லா பாய், இவருக்கு பன் குடுத்தீங்க, அப்புறம் நடக்கறதே வேற!" என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். பாய் மிரண்டே போனார்.

நேற்று வேலூர் ஆஸ்பத்திரியில் ரத்த ரிப்போர்ட் வந்தது. பொட்டாசியம் ஏறிக் கிடந்தது, பாஸ்பரஸும் ஜாஸ்தி. கிட்னி அடியோடு படுத்துவிட்டது, திங்கட்கிழமை டயாலிசிஸ் என்றார் டாக்டர். சாப்பாட்டு விவரம் எழுதித் தரும் மேடத்திடம் அனுப்பினார்கள். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டதும் நான் பெருமையாகத்தான் சொன்னேன்.

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கேழ்வரகு, முழுக்கோதுமை ரெண்டுலயும் பொட்டாசியம், பாஸ்பரஸ் ஜாஸ்திம்மா. இவருக்கு வெள்ளைச் சோறு, வெள்ளை பிரெட்தான் அளவா குடுக்கணும். போன வருஷமே சார்கிட்ட சொன்னேனே!"

லீவு கிடைக்காமல் அவரை நான் தனியாக அனுப்பிய நாள் அது. திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் பள்ளிகொண்டா தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் முடியவில்லை. "இன்னா மனுஷன் நீங்க? தெரிஞ்சே துன்னீங்களா? ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?" பஸ்ஸே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

அவர் குரல் உயரவில்லை. "கிட்னி கெட்டது களியால இல்ல ஜெபா. இன்னா சாப்பிட்டாலும் ஒரு வருஷம்தான் ஓடும், அப்புறம் மெஷின்தான்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு. மறுநாள் விடிகாலையில எழுந்து பாத்தா, இதுலயே சரியாயிடும்னு சொல்லிக்கினு நீ களி கிண்டிக்கினு இருந்த. அதைப் போய் எப்டி உங்கிட்ட இருந்து புடுங்கறது?"

ஆக, இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். வந்த கோபத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆம்பூர் வரப்போகும்போது அவர் என் முழங்கையைத் தொட்டார்.

"திங்கக்கிழமை எப்டியாவது லீவு போட்டுட்டு நீயும் வந்துடு. எனக்கு பயமா இருக்குது."