ஜெகதீஸ்வரியின் வகுப்பு

புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்துச் சில கிழமைகள் கழிந்திருந்தன. வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில் சாய்ந்திருந்த ஜெகதீஸ்வரியைப் பார்க்க ஜெயராணி வந்தாள். இருவரும் ஒரே பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவர்கள். ஜெகதீஸ்வரி ஆஸ்பத்திரிக்குப் போனதும் பாடசாலை அதிபர் அவளுடைய உயர்தர வகுப்பை ஜெயராணியிடம் கொடுத்துவிட்டார்.

ஜெயராணி ரோசா நிற நாடா கட்டிய ஒரு கூடையை மேசையில் வைத்தாள். உள்ளே கரடிப் பொம்மை, வாசனை மெழுகுதிரி, மெத்தென்ற காலுறை, நிறம் தீட்டும் புத்தகம்.

"ஸ்டாஃப் எல்லாரும் சேர்ந்து வாங்கினது. கொள்ளுப்பிட்டிக் கடையில நான்தான் பாத்து எடுத்தனான்."

ஜெகதீஸ்வரி புத்தகத்தை விரித்தாள். பக்கம் பக்கமாய் வண்ணத்துப்பூச்சிகள். தொகையிடல் கணக்குப் படிப்பித்த கைக்கு வண்ணத்துப்பூச்சி.

"பிள்ளையள் எப்பிடி?"

"நல்லாச் செய்யினம். நீர் அதை யோசிக்காதையும். ஆரணி கேக்கிறாள், கடைசிமட்டும் நீங்களே வகுப்பு எடுப்பீங்களோ ரீச்சர் எண்டு."

ஜெயராணி கெட்ட மனதோடு சொல்லவில்லை. பாடசாலை முடிந்து நேரே வந்திருந்தாள். சேலைத் தலைப்பில் கரும்பலகையில் எழுதிய வெண்கட்டித் தூள் ஒட்டியிருந்தது. நோய் வந்த நாளிலிருந்து எந்தப் பெண்ணின் உடம்பைப் பார்த்தும் ஜெகதீஸ்வரி பொறாமைப்பட்டதில்லை. அந்தத் தூளைப் பார்த்ததும் வயிறு எரிந்தது.

"எனக்கு எடுத்தது மார்பை, ஜெயராணி. மூளையை இல்லை."

ஜெயராணியின் முகம் சுருங்கிவிட்டது. "என்ன கொண்டுவாறதெண்டு தெரியேல்லை. வெறுங்கையோட வரவும் மனம் வரேல்லை."

"விடைத்தாளைக் கொண்டு வந்திருக்கலாமே."

"இந்த நிலைமையிலயோ?"

"வலது கை நல்லாத்தான் இருக்கு."

தவணைப் பரீட்சை முடிந்ததும், திருத்தச் சொல்லி ஜெயராணி அனுப்பிய விடைத்தாள் கட்டு வந்து சேர்ந்தது. பிள்ளைகள் சறுக்கியிருக்க வேண்டும், தான் இல்லாத குறை தெரியவேண்டும் என்ற ஆசையோடுதான் ஜெகதீஸ்வரி கட்டை அவிழ்த்தாள். ஆரணி வழக்கமாகத் திணறும் வகைக் கணக்கு ஏழாவதாக வந்திருந்தது; அதை, ஜெகதீஸ்வரி ஒருநாளும் சொல்லிக் கொடுக்காத குறுக்கு வழியில் செய்து முடித்திருந்தாள். ஜெகதீஸ்வரி வரி வரியாகப் பிழை தேடினாள். கிடைக்கவில்லை. முழுப் புள்ளியைப் போட்டபோது பேனை தாளைக் கிழித்தது.

உடனே ஜெயராணிக்கு போன் எடுத்தாள்.

"ஏழாவது கணக்கை எப்பிடிச் சொல்லிக் குடுத்தனீர்?"

"ஏன், பிழையோ?"

"பிழையில்லை, சரிதான். அதுதான் எரிச்சலாக் கிடக்கு."

மறுபக்கம் ஜெயராணி சிரித்தாள். பிறகு அந்தக் குறுக்கு வழியை விளக்கத் தொடங்கினாள்.

"இது கெட்டிக்காரருக்கு மட்டும்தான் சரிவரும். கடைசி வாங்கில இருக்கிறதுகளுக்கு விளங்காது," என்று ஜெகதீஸ்வரி வெட்டினாள்.

"ஆர் சொன்னது? நீர் வந்து பாத்தனீரே? தாளைத் திருத்திப்போட்டுக் கதையும்."

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவளோடு குரலை உயர்த்திக் கதைத்தவர்கள் எவரும் இல்லை. ஜெகதீஸ்வரியும் விடவில்லை. வயிற்றெரிச்சல் அப்படியேதான் இருந்தது. அதோடேயே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அடுத்த தாளை இழுத்தெடுத்தாள்.