எதிர்த்த மாடி வக்கீல்

என் வீட்டுக்காரர் ரமீஸ் குரோமியச் சுரங்கத்தில் நசுங்கிச் செத்துப் பதின்மூன்று வருடம் ஆகிறது. நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கை நீதிபதி ஜெலால் ஒன்பது வருடம் வாய்தா கொடுத்தே ஓட்டினார். பிறகு சீர்திருத்தம் வந்தது. நீதிபதிகளைச் சலித்தெடுக்கத் தலைநகர் டிரானாவில் ஆணையம் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் புகார் தரலாம் என்றார்கள். நான் நாலு பக்கம் எழுதினேன். கடற்கரை பங்களா எப்படி வந்தது என்ற கேள்விக்கு ஜெலாலிடம் பதில் இல்லை. வேலையைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று எங்கள் தெருவே என் வீட்டில் ராக்கிச் சாராயம் குடித்தது.

சலித்த சலிப்பில் எங்கள் ஊர் நீதிமன்றத்தில் மிஞ்சியது ஒரே ஒரு நீதிபதி. நாலு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன வாரம் போய்க் கேட்டேன்.

"உங்க முறை வர இன்னும் பன்னெண்டு வருஷம் ஆகும்க்கா," என்றாள் குமாஸ்தாப் பெண்.

"எனக்கு இப்பவே அறுபத்தெட்டுடி. செத்தப்புறம் வந்து வாங்கிக்கவா?"

"அவசர மனு போட்டா முன்னாடி எடுப்பாங்க. எதிர்த்த மாடில புதுசா ஒரு வக்கீல் வந்திருக்கார். அவர் போட்டா நிக்கும்."

மாடியேறினேன். உள்ளே ஜெலால். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கீழ்க்கடைக்குக் காபி சொன்னார்.

"வாங்கம்மா. உங்க கேஸ் எனக்கு மனப்பாடம். உங்க பக்கம் தீர்ப்பே எழுதி வெச்சிருந்தேன். அதுக்குள்ள எவனோ புகார் குடுத்துட்டான்."

"நாசமாப் போறவன்," என்றேன்.

வக்காலத்துத் தாளை என் பக்கம் தள்ளினார். புகாரில் போட்ட அதே கையெழுத்தைப் போட்டேன்.