முப்பத்தெட்டும் சரி, ஒருத்தி இல்லை

லோய்ட்டா மலை கறுத்துவிட்டது.

எங்கள் பக்கம் ஒரு சொட்டுகூட விழவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனால் மலை அப்படிக் கறுத்தால், ஒரு மணி நேரத்தில் இந்த மணலாற்றில் தண்ணீர் இறங்கிவிடும். இறங்கினால் இரண்டு நாளைக்கு எந்த லாரியும் கடக்காது. அக்கரையில், நாரோக் நகரத்தில், நாளைக் காலை எங்கள் விடுதிப் பெண்களுக்கு அரசுத் தேர்வு.

நான் லாரி டிரைவர் சிரோங்கா. விடுதியை நடத்தும் அறக்கட்டளை எங்கள் ஊருக்கு மருந்தகம் வைத்தது, தாய்மார்களுக்குத் தேனீ வளர்க்கப் பெட்டி கொடுத்தது. எனக்குப் பெருமை என்னவோ என் லாரியின் பின்பக்கம்தான். தேர்வு எழுதும் வயது வரை கல்யாணமாகாமல் பள்ளியில் நின்ற பெண்கள், நீல ஸ்வெட்டரில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

பார்சலோய் டேப்லெட்டைத் தட்டினான். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மேற்பார்வையாளன். எங்கள் இனத்து ஆள்தான்.

"முப்பத்தேழு, முப்பத்தெட்டு. சரியா இருக்கு. வண்டிய எடு!"

"எடுக்காத" என்றார் தாஜேவு அம்மா.

விடுதியின் வார்டன். படிப்பு கிடையாது. லாரியின் பின்பலகையைப் பிடித்தபடி பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தி வரல."

"எண்ணியாச்சும்மா. ரெண்டு தடவ."

"நீ பத்து தடவ எண்ணு. ஒருத்தி வரல."

பார்சலோய் சிரித்தான். "ஆறு வருஷமா வார்டனா இருக்கீங்க. ஒரு நாளாவது ரிஜிஸ்டர்ல தலைய எண்ணி எழுதியிருக்கீங்களா?"

"பெத்த பிள்ளைங்கள எவனாவது எண்ணுவானா? உங்கம்மா உன்ன நாலாம் நம்பரேன்னா கூப்பிட்டா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவனுக்குக் காது சிவந்தது. பிள்ளைகளையும் மாடுகளையும் எண்ணுவது எங்களுக்கு ஆகாது என்று அவனுக்கும் தெரியும். டேப்லெட் கைக்கு வந்ததும் மறந்துவிட்டிருந்தான்.

தாஜேவு அம்மா மறுபடி பார்த்தார். மாலையில் பட்டி வாசலில் நின்று மாடுகள் நுழைவதைப் பார்ப்போமே, அந்தப் பார்வை. கொம்பு, நிறம், நடை என்று கண் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். எங்கே தொட ஆளில்லையோ அங்கே நின்றுவிடும்.

நின்றது.

"சிமலோய் எங்க?"

பெண்கள் மூலையைப் பார்த்தார்கள்.

"மூலைல ஸ்வெட்டருக்குள்ள தலைய ஒளிச்சிருக்கிறது யாரு? எழுந்திரு!"

எழுந்தாள். கை நீளம் தொங்கும் ஸ்வெட்டர், உள்ளே பத்து வயதுப் பெண். சிமலோயின் தங்கை நெமாயன். நேற்று அக்காவைப் பார்க்க வந்தவள்.

"டவுன் பார்க்கணும்னு அக்கா ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு ஏறிட்டேன்" என்று அழ ஆரம்பித்தாள்.

முப்பத்தெட்டு சரி. ஆள்தான் வேறு. பார்சலோய் முகத்தில் ரத்தமில்லை.

"அழாத. அக்கா எங்கடி?"

"ஆத்து வளைவுல... பாவாடை அலச. யாருகிட்டயும் சொல்லாதன்னா."

விடுதி முற்றத்தில் குழாய் இருக்கும்போது எதற்காக ஆற்றுமணலைத் தோண்டி அலச வேண்டும்? நான் யோசித்து முடிப்பதற்குள் தாஜேவு அம்மா ஓடிக்கொண்டிருந்தார்.

அக்கரையில் மேய்ந்த மாடுகள் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. பிறகு மேட்டை நோக்கி நகர்ந்தன. தண்ணீர் வருவது அவற்றுக்குத்தான் முதலில் தெரியும்.

"எடு சிரோங்கா! ஒருத்திக்காக மத்தவங்க பரீட்சை எல்லாம் போகணுமா?" என்றான் பார்சலோய்.

அவன் கேட்டதும் தப்பில்லை. ஆனால் சிமலோய் இந்தத் தேர்வை விட்டால் அடுத்த தேர்வு அவளுக்கு வராது. அவள் அப்பா மாப்பிள்ளைக்காரனுக்கு வாக்குக் கொடுக்க ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தார்.

சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டேன்.

"வேணும்னா தள்ளிக்கிட்டுப் போங்க சார்."

"சார், நாங்க இறங்கித் தள்ளமாட்டோம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "சிமலோய் வரட்டும்!"

ஐந்து நிமிடம். பத்து.

சத்தம் முதலில் வந்தது. தூரத்தில் நூறு மாடுகள் ஓடுவதுபோல.

வளைவில் இரண்டு உருவங்கள். சிமலோய் இடுப்பில் தாஜேவு அம்மாவின் சிவப்புப் போர்வை சுற்றியிருந்தது. கையில் நனைந்த பாவாடை. இருவரும் மணலில் கால் புதையப் புதைய ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், சுள்ளியும் நுரையுமாகப் பழுப்பு நாக்கு ஒன்று வளைவைத் தாண்டியது.

"ஏறு! முன்னால ஏறு!"

பார்சலோய் தானே குதித்து இடம்விட்டான். இருவரையும் தூக்கி ஏற்றிவிட்டுப் பின்பலகையில் தொற்றிக்கொண்டான். வண்டியை ஆற்றில் இறக்கினேன். நடு ஆற்றில் தண்ணீர் சக்கரத்தின் அச்சைத் தொட்டது, வண்டி ஒரு முழம் பக்கவாட்டில் நழுவியது, பெண்கள் அலறினார்கள். மிதியை விடவில்லை. முன்சக்கரம் கரையைக் கவ்வியது.

திரும்பிப் பார்த்தபோது நாங்கள் வந்த தடம் இல்லை. ஆறு முழுக்கத் தண்ணீர்.

"பாவாடையெல்லாம் கறையாயிடுச்சு" என்றாள் சிமலோய், பல் கிட்ட. "முதல் தடவ. பெரிய மனுஷி ஆயிட்டேன்னு தெரிஞ்சா அப்பா பரீட்சைக்கு விடமாட்டாரு. குழாயடில அலசினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"என் வாயிலேருந்து வராது. சிரோங்கா, உன் வாயிலேருந்து?"

"என்ஜின் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல."

"நல்ல செவுடு" என்று சொல்லி, தாஜேவு அம்மா மருந்தகத்து நாப்கின் பொட்டலம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். "வண்டிய நிறுத்திட்டு இறங்கி அந்தப் பக்கம் பாத்து நில்லு."

நின்றேன்.

மறுநாள் காலை எட்டு மணி. நெமாயனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேர்வுக்கூட வாசலில் இருந்தேன். அவள் எண்ணெயில் பொரித்த மந்தாசியில் இரண்டாவதைத் தின்றபடி டவுன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று வாசல் அதிகாரி கேட்டார்.

பார்சலோய் கையில் டேப்லெட் இருந்தது. அவன் அதைத் திறக்கவில்லை. "அவங்களக் கேளுங்க" என்றான்.

அதிகாரி தாஜேவு அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே நுழைய, அம்மாவின் கண் ஒவ்வொரு முகத்தையும் தொட்டுக்கொண்டிருந்தது. சிமலோய் கடைசியில் போனாள், இன்னும் சரியாகக் காயாத பாவாடையில், தலை நிமிர்ந்து.

"வந்தாச்சு" என்றார் தாஜேவு அம்மா. "கதவச் சாத்துங்க."