ஆட்சேபம் என்ற கடைசிக் கட்டம்

"இந்த நாலாவது அத்தியாயத்த மட்டும் எடுத்துடுங்க சார். நாளைக்கே உங்க வேலைக்கு ஆர்டர் டைப் அடிச்சிடலாம்" என்றார் எங்கள் கல்லூரித் தாளாளர் துரைக்கண்ணு. எதிரே பேராசிரியர் சவுரிராயன் தன் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். 1963. திண்டிவனத்தில் எங்கள் கல்லூரி, மக்களாட்சியைப் பற்றிப் பாடம் நடத்தவும் ஆராயவும் ஒரு தனித்துறை தொடங்கியிருந்தது. மூத்த பேராசிரியர் தேவை என்று விளம்பரம் எழுதியவன் நான். மதராஸில் பதினெட்டு வருஷம் கற்பித்த சவுரிராயனை மூன்று கடிதம் போட்டு விண்ணப்பிக்க வைத்தவனும் நானே. சொந்த ஜில்லாவுக்கே திரும்பிவிட வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்தது.

நாலாவது அத்தியாயம் தாளாளரின் ஊரைப் பற்றியது. கோலியனூருக்குப் பக்கம். அங்கே பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்கு ஓட்டுப்பெட்டி வந்ததே இல்லை. கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றிப் பெயரைச் சொல்வார்கள். ஆட்சேபம் உள்ளவன் முன்னால் வந்து அதை அணைக்கலாம். சேரிக்காரர்கள் கோயில் தேர் நிற்கும் தேர்முட்டியைத் தாண்டக் கூடாது. அப்புறம் எவன் வந்து அணைப்பான்? போட்டியின்றித் தேர்வு என்று தாலுகா ஆபீசுக்குக் கடிதம் போய்விடும். இந்த அழகுக்கு மாலை மரியாதை வேறு.

"எடுக்க முடியாதுங்க" என்றார் சவுரிராயன். "அந்தத் தேர்முட்டிக்குப் பின்னால எங்கப்பா மூணு தடவ நின்னாரு. நானும் ஒரு தடவ நின்னுக்கினு இருந்தேன்."

"பேஜாரு புடிச்ச பேச்சு எதுக்கு? கொஞ்சம் வெளிய இருங்க."

கதவு சாத்தப்பட்டது. தாளாளர் அந்த வேலைக்குத் தன் மருமகன் சக்கரபாணியின் பெயரைச் சொன்னார். போன வருஷம்தான் எம்.ஏ. முடித்த பையன்.

"யாருக்கும் ஆட்சேபம் இல்லியே?"

ஏழு பேர் இருந்தோம். என் வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? ஒருமனதாக என்று தீர்மானப் புத்தகத்தில் என் கையாலேயே எழுதினேன். த்தூ.

அவரை ஸ்டேஷனுக்கு நான்தான் கூட்டிப் போனேன். விழுப்புரம் பாசஞ்சரில் போய்த் தங்கை வீட்டில் தங்குவதாகச் சொன்னார். பிளாட்பாரத்தில் நின்றதும் கேட்டார்.

"உள்ள எத்தினி பேரு இருந்தீங்க, விருத்தாசலம்?"

"ஏழு பேருங்க."

"யார்னா எதுனா சொன்னாங்களா?"

நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். எனக்கு அவர் மேல்கூட கோபம் வந்தது. திட்டித் தொலைக்கக் கூடாதா இந்த மனிதர்?

அவர் பிரதியைப் பிரித்து நாலாவது அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே ஒரு பட்டியல் இருந்தது: ஊர், தேதி, கூடியவர்கள், ஆட்சேபம். இதே வழக்கமுள்ள பதினோரு கிராமங்கள், பதினொன்றிலும் ஆட்சேபம் 'இல்லை'. எல்லாவற்றுக்கும் கீழே 'திண்டிவனம்' என்று எழுதினார். தேதியைப் போட்டார். 'ஏழு' என்று போட்டார். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே எழுதுங்க."

கைகாட்டி இறங்கியது. வண்டி வந்து நின்றது; அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பிரதியை ஜன்னல் கட்டையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். பேனா என் கையில் இருந்தது. மூடி அவரிடம் இருந்தது.