சனிக்கு எட்டு

லொரேதானாவின் சமையலறை மேசையில் பெரிய கட்டத்தாள் ஒன்று விரிந்து கிடந்தது. இடப்பக்கம், வரேன்னாவில் ஏரியை ஒட்டி அவள் வாடகைக்குப் பிடித்திருந்த வில்லாவின் அறைகள். மேலே, ஜூலை ஒன்றிலிருந்து எட்டு வரை தேதிகள். லோதி நகரப் பேருந்துகளுக்கு முப்பத்தொரு வருடம் கால அட்டவணை போட்ட கை அது. ஓய்வு பெற்றும் சும்மா இருக்கவில்லை.

மகள்களின் குடும்பங்களுக்கு மாடி. மதியச் சாப்பாடு பின்தோட்டத்தில். ஏனென்றால் பன்னிரண்டு மணி வாக்கில் தெற்கிலிருந்து ப்ரேவா காற்று கிளம்பிவிடும், முன்முற்றத்தில் மேசை விரிப்பு நிற்காது. சாயங்காலம் காற்று அடங்கிவிடும், இரவுச் சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொள்ளலாம். சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் மட்டும் பென்சிலால் 'டாரியோ' என்று எழுதியிருந்தாள்.

டாரியோ அவளுடைய அண்ணன். கிரெமோனாவில் ரொட்டிக்கடை. விடிவதற்கு முன்பே எழுந்து பழகியவன் என்பதால்தான் அந்த அறை. நடமாடினாலும் யாருக்கும் தூக்கம் கலையாது. ஆனால் முப்பது வருடமாக அவன் எந்தக் கோடைப் பயணத்துக்கும் வந்ததில்லை. "பார்க்கலாம்" என்பான், வரமாட்டான். ஜனவரியில் வில்லாவைப் பிடித்தபோதும் அதையே சொன்னான். இந்தச் செவ்வாய்க்கிழமைதான் தானாகவே கூப்பிட்டு, "சரி, வரேன். என்னைக்கு?" என்று கேட்டான். பின்னால் மாவு பிசையும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. "சனிக்கு எட்டு!" என்று இவள் கத்தினாள். "சரி" என்று அவன் வைத்துவிட்டான்.

வியாழன் காலை ஒரு படம் அனுப்பியிருந்தான். கடைக் கதவில் ஒட்டிய அறிவிப்பு: 'ஜூலை 8 முதல் 15 வரை விடுமுறை.'

லொரேதானா தலையில் கைவைத்துக்கொண்டாள். அவள் கணவன் எட்சியோ எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான்.

"'சனிக்கு எட்டு'ன்னு சொன்னியா?"

"வேற எப்படிச் சொல்றதாம்?"

அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வருகிற சனியை ஒன்று என்று வைத்து விரல் மடக்கினால் அதற்கடுத்த சனி எட்டாவதாக வரும். அதாவது ஒரு வாரம் கழித்து வரும் சனி. வருகிற சனி ஜூன் 24. எண்ணிப் பார்த்தால் ஜூலை ஒன்று. ஆனால் 'க்கு' இயந்திர இரைச்சலில் கரைந்துபோனால் மிஞ்சுவது 'சனி எட்டு'. பாழாய்ப்போன ஜூலை எட்டும் சனிக்கிழமைதான்.

"ஊருக்கே பஸ் நேரம் போட்டவ," என்றான் எட்சியோ. "சொந்த அண்ணன் பஸ்ஸைத் தவறவிட்டான்."

"நீ போய்க் காபி போடு, போ."

முதலில் வில்லாவைக் கவனித்துக்கொள்ளும் நீவெஸுக்குப் போன் செய்து, ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டாள். ஏரிக்கரை முழுக்க வாடகை சனியிலிருந்து சனி வரைதான். பழையவர்கள் காலை பத்துக்குள் காலி செய்ய வேண்டும், புதியவர்கள் நாலு மணிக்கு நுழையலாம்; நடுவில் ஆறு மணி நேரம் துணி மாற்ற, தரை துடைக்க. ஆளாளுக்கு ஒரு நாளில் வந்தால் இடையிடையே ஒற்றை நாள்கள் யாருக்கும் உதவாமல் தொங்கும். "எட்டாந்தேதி டச்சுக்காரங்க வராங்கம்மா," என்றாள் நீவெஸ். "போன வருஷமே பிடிச்சுட்டாங்க."

அடுத்து டாரியோ.

"ஒண்ணாந்தேதியா? அப்போ முடியாது," என்றான். "நானும் எதிர்க்கடை ஒத்தாவியோவும் முறை வச்சுத்தான் அடைப்போம். தெருவுக்கு ரொட்டி இல்லாமப் போகக் கூடாதுல்ல? அந்த வாரம் அடைக்கிறது அவன் முறை."

"மாத்திக்கச் சொல்லிக் கேளேன்."

"அவன்கிட்டயா? முப்பது வருஷத்துல ஒரு பிடி உப்பு கேட்டதில்ல. விடு லோரி. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

அந்தப் 'பார்க்கலாம்' அவளுக்குத் தெரியும். அடுத்த வருடம் இவனுக்கு எழுபது.

ஒத்தாவியோ கடையின் எண்ணைத் தேடி எடுத்து நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் வெடிச் சிரிப்பு.

"எட்டால வந்த வினைக்கு என்கிட்டயே வரீங்களா? வீட்டுல நான் எட்டாவது புள்ளைங்க, அதனாலதான் 'எட்டாவது'ன்னு அர்த்தம் வர்ற இந்தப் பேரே! எனக்கு எந்த வாரமா இருந்தா என்ன, மச்சான் வீட்டு மாடியில உட்காரப் போறேன். ஆனா ஒண்ணு. உங்கண்ணன் வந்து கேக்கணும். வாசல்லேர்ந்து கத்துறதெல்லாம் ஆகாது. உள்ள வந்து கேக்கணும்."

இதை அப்படியே டாரியோவிடம் சொன்னாள். பின்னால் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. திட்டப் போகிறான் என்று நினைத்தாள். சட்டென்று இரைச்சல் நின்றது.

"மாவு நாப்பது நிமிஷம் ஊறணும்," என்றான். "அதுக்குள்ள போயிட்டு வந்துடறேன்."

எட்சியோ கொண்டுவந்த காபி ஆறிப்போனது. லொரேதானா பென்சிலைச் சீவினாள், சீவியதையே மறுபடி சீவினாள். நாற்பது நிமிடம் தாண்டி, ஐம்பதும் ஆனது.

"கேட்டிருக்க மாட்டான்," என்றாள்.

"கேட்டிருப்பான். உள்ள போனவனை அந்தாளு உட்கார வச்சிருப்பான். ரெண்டு பேரும் மாவைப் பத்திப் பேசினா பொழுது போறதே தெரியாது."

ஒரு மணி நேரம் கழித்துப் படம் வந்தது. அதே கதவு, புதுத்தாள்: 'ஜூலை 1 முதல் 8 வரை விடுமுறை. ரொட்டிக்கு எதிர்க்கடை ஒத்தாவியோவிடம் போகவும். நன்றாகவே சுடுகிறான். இதை நான் சொன்னதாக அவனிடம் சொல்ல வேண்டாம்.'

அந்தக் கதவு ஒத்தாவியோ கடையைப் பார்த்தபடிதான் இருக்கிறது.

லொரேதானா பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, 'டாரியோ' என்று பேனாவால் எழுதினாள். அப்போது மறுபடி ஒரு செய்தி வந்தது: 'எத்தனை மணிக்கு வரணும்? வாயால சொல்லாதே. எழுது.'

'16:00' என்று எழுதி அனுப்பினாள்.