கடைத் தரைக்கு நாலு விரல்

என் வீட்டுக்காரருக்கு இடது கையும் காலும் விழுந்தது கோடையில். அன்றைக்கு நான் அழவில்லை, அதற்கப்புறமும் அழவில்லை. தெருப் பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதுடுங்க, பாரம் கொறையும்" என்றார்கள். வந்தால் அழமாட்டேனா? உள்ளே ஒன்றுமில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி கிடந்தேன்.

இலை உதிர ஆரம்பித்ததும் மகள் உன்சோல் சியோலிலிருந்து போன் பண்ணினாள். "அப்பா அந்த ஆஸ்பத்திரியிலயே இருக்கட்டும்மா. நம்ம சுன்சொன் ஊர்க் குளிர்ல அவரை மாடி ஏத்தி எறக்க உன்னால ஆகுமா?"

"மாடி எதுக்குடி? கீழ நம்ம சலவைக்கடை காலியாத்தானே கெடக்கு."

"அதா? வெறும் சிமெண்டுத் தரை, ஐஸ்கட்டி மாதிரி இருக்கும். மொதல்ல அது சூடாகட்டும், அப்புறம் பேசலாம்."

பேசலாம் என்றாளே, அது போதும். மறுநாளே கொத்து வேலை செய்யும் பாங்கைக் கூப்பிட்டேன்.

பாங் குந்தி உட்கார்ந்து டேப்பை இழுத்தான். "அக்கா, வழக்கம்போல அட்டை போட்டு, சுடுதண்ணிக் குழாய் பதிச்சு, மேல சிமெண்டு பூசினா ஒரு சாண் ஏறிடும்."

"ஏறட்டுமே."

"ஏறினா பின்னாடி கக்கூஸ் கதவு தொறக்காது. வாசல்ல அண்ணனோட சக்கர நாற்காலி ஏறாது. மேல பாருங்க, உத்தரம். உங்க தலையே இடிக்கும்."

"என் தலை இடிச்சா இடிக்கட்டும். அதுக்குள்ள என்ன இருக்கு ஒடையறதுக்கு?"

அவன் சிரித்தான். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. கடைசியில் நாலு விரல் உயரம் என்று முடிவாயிற்று. கீழே ஈரம் ஏறாமல் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் கெட்டி நுரை அட்டை, அதன்மேல் கரண்டில் சூடாகும் மெல்லிய விரிப்பு, அப்புறம் பலகை. குழாயும் கிடையாது, சிமெண்டும் கிடையாது.

அட்டைக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு மயிரிழை தெரிந்தாலும் விடமாட்டேன். நானே மண்டியிட்டு நாடாவை ஒட்டித் தேய்த்தேன்.

"நீங்களே முடிச்சிடுங்கக்கா, நான் போய் நூடுல்ஸ் சாப்பிட்டு வரேன்" என்றான் பாங்.

"போயேன். நீ ஒட்டுற லட்சணத்துக்கு அதுதான் நல்லது."

வேலை முடிந்து சுவிட்சைப் போட்டான். நான் உள்ளங்கையைத் தரையில் வைத்தேன். சூடு ஏறியது. இப்போதாவது மனசுக்குள் ஏதாவது வருமா என்று பார்த்தேன். கைதான் சுட்டது.

கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று மகள் சொன்னதும், ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவந்தார்கள். நாற்காலி தடுக்காமல் உள்ளே உருண்டது. எங்கள் ஆட்களுக்கு முதுகு சுட்டால்தான் தூக்கம். நல்ல சூடான இடம் வீட்டுக்குப் பெரியவருக்கு என்பது வழக்கம். அந்தச் சூடு போகாமலிருக்கக் காலையிலிருந்தே தடிப் பஞ்சு மெத்தையை விரித்து வைத்திருந்தேன். அவரை அதில் படுக்கவைத்தேன். கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவைப் பார்க்க வேண்டுமென்று எப்போதும் இடப்பக்கமாகவே ஒருக்களித்துக்கொள்வார்.

"தரை எப்பிடி?"

"சொகமா இருக்கு." வாய் ஒரு பக்கம்தான் அசைந்தது.

"இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா?"

"ஏத்து."

தினமும் கேட்டேன், தினமும் சுகம் என்றார். உன்சோலிடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன். நல்லா இருந்தார்னா அங்கயே இருக்கட்டும்" என்றாள்.

ஞாயிறு காலை, மகள் வருகிறாளே என்று அவருக்கு உடம்பு துடைத்துவிட்டேன். இடது கால் உறையைக் கழற்றினேன். குதிகாலில் முட்டை அளவு கொப்புளம். இடுப்பெலும்புப் பக்கம் தோல் வெளுத்துச் செத்திருந்தது.

"அடப்பாவி மனுசா, வெந்திருக்கே! வலிக்கலயா?"

"எது?" தலையைத் தூக்கி, யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சொகமா இருக்குன்னீங்களே! தெனமும் சொன்னீங்களே! இந்தப் பக்கம் சூடு தெரியுமா தெரியாதா? நெசத்தச் சொல்லுங்க."

"தெரியாது."

"எப்பலேருந்து?"

"விழுந்ததுலேருந்தே." வலது கையால் போர்வையை இழுத்துக்கொண்டு, "நீ கேக்கும்போது ஒன் மூஞ்சியப் பாத்தா வேற என்ன சொல்றது?" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்மேலா, என்மேலா, தெரியவில்லை. "சரி, தெரியுற பக்கம்? வலது பக்கம்? அந்தப் பக்கமாவது நல்லா இருந்துதா?"

"அது மேல இருக்கே. போர்வை நழுவிடும். குளிரும்."

போர்வையை இழுத்து அவருடைய வலது தோளைச் சுற்றிச் செருகினேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் செருகினேன்.

உன்சோல் வந்தாள். காலைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினாள். இருவருமாக அவரை நாற்காலியில் தூக்கி உட்காரவைத்தோம்.

வாசலில் அவர் வலது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "தரை நல்ல சூடும்மா. ஒங்கம்மா போட்டது. தொட்டுப் பாரு" என்றார் மகளிடம்.

அவள் போட்ட செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வந்து, குனிந்து, உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஆமாப்பா, நல்ல சூடுதான்" என்றாள். அப்புறம் அவர் விரல்களை நிலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு நாற்காலியை வெளியே தள்ளினாள்.