இன்று யாருக்கும் பேர் கிடையாது

துரையின் மச்சினன் இரண்டு வருஷம் அமெரிக்காவில் இருந்து மனத்தைப் படித்துவிட்டு வந்திருந்தான். படித்ததை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டுமே. ஏலப்பாறைக்கு மேலே துரை நடத்திய தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கும் பெண்கள் அகப்பட்டார்கள். அவசரநிலைக் காலம். நாலு பேர் கூடினால் போலீஸ் வரும். துரை கூட்டினால் வராது.

துரைக்கும் மச்சினனுக்கும் தமிழ் வராது; மொழிபெயர்க்கச் சின்னமுத்துவைப் பிடித்தார்கள். கொழுந்து நிறுக்கிறவன், பத்தாவது தேறியவன். சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியாக இருந்தது. "இதை ஒழுங்காக நடத்திக்கொடு, பார்க்கலாம்" என்று துரை சொல்லியிருந்தார். அந்தப் 'பார்க்கலாம்' அவனைத் தூங்கவிடவில்லை. சூப்பர்வைசர் போடும் அரைக்கால் சட்டைக்குக் காக்கித் துணி எடுப்பது பற்றி மனைவியிடம் பேசியும் முடித்துவிட்டான்.

காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக் களத்தில் பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்தார்கள். மச்சினன் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப்புல்லில் நின்றான்; துரை பைப்போடு ஓரத்தில் நின்றார். முதலில் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். மனம் ஓரிடத்தில் நின்றதும், முன்கூட்டி யோசிக்காமல் வாய்க்கு வந்ததைப் பேசி நடிக்க வேண்டும். எதிராளி என்ன சொன்னாலும் மறுக்கக் கூடாது; ஆமாம் என்று ஏற்று, தன் பங்குக்கு ஒன்று சேர்க்க வேண்டும். இப்படிச் செய்தால் மனிதன் வளர்வானாம். பறிப்பும் வளரும் என்று துரைக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"கண்ண மூடுனா கால்ல அட்டை ஏறுமே" என்றாள் குருவம்மாள். பறிப்புக்காரிகளில் வாய் நீண்டவள் அவள்தான்.

"ஏறுனா அதையும் கவனிக்கணுமாம் மதினி" என்றான் சின்னமுத்து.

ஒருவழியாகக் கண்கள் மூடின. மச்சினன் உருக்கமாக ஆங்கிலத்தில் சொன்னான்: அவரவர் பெயரை உதறிவிடுங்கள், இப்போது நீங்கள் யாருமில்லை. சின்னமுத்துவும் குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு இங்க யாருக்கும் பேரு கிடையாது" என்றான்.

மூடிய கண்களெல்லாம் திறந்தன. தோட்டத்தில் பேர் என்றால் அன்றைய கூலி. முழு நாளுக்கு முழுப்பேர், பாதிக்கு அரைப்பேர். பிறந்தது முதல் அந்தப் பேச்சில் வளர்ந்தவனுக்கு அது மறந்துபோயிற்று. சூப்பர்வைசர் ஆகப்போகிறவனுக்கு எவ்வளவோ மறக்கும்.

"என்னலே சொன்ன?" குருவம்மாள் எழுந்தாள். "கண்ண மூடச் சொல்லிட்டுப் பேர வெட்டுதியளோ?"

"இவனத் தூக்கித் தராசுல வையிங்கடி" என்றாள் பக்கத்திலிருந்த சாந்தம்மாள்.

"வச்சா என்ன தேறும்? பூராவும் கழிவு" என்றாள் குருவம்மாள்.

மச்சினன் பூரித்துப்போனான். அதற்குள் நடிக்கத் தொடங்கிவிட்டார்களே. என்ன சொல்கிறார்கள் என்று கேட்டான்.

உளறிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால் வேலை போச்சு. "உள்ளே புது வேகம் பிறந்திருக்கிறதாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னான் சின்னமுத்து. சாந்தம்மாள் அவன் அப்பனையும் பாட்டனையும் இழுத்து ஏசினாள். "முன்னோர்களை நினைத்துக்கொள்கிறார்கள்" என்றான். மச்சினனுக்குக் கண் கலங்கியது. அன்று அந்தக் களத்தில் பாடம் ஏறிய ஒரே ஆள் சின்னமுத்துதான்.

குருவம்மாள் அவன் மூக்குக்கு நேரே வந்து நின்றாள். "கதை போதும். பேரு உண்டா இல்லையா? துரைகிட்டக் கேட்டுச் சொல்லு."

இதற்கு வேறு மொழிபெயர்ப்பு கிடைக்கவில்லை. கேட்டான்.

துரை வாயிலிருந்த பைப்பை எடுத்தார். "இன்னும் ஒரு இலைகூடப் பறிக்கவில்லை. இந்த நேரத்துக்கெல்லாம் கூலி எப்படிக் கொடுப்பது? அரைதான்" என்றார் ஆங்கிலத்தில்.

வாய் தவறிச் சொன்னதில் பாதி உண்மையாகிவிட்டது. சின்னமுத்து பெண்கள் பக்கம் திரும்பினான். முன்னால் நின்றவர்கள், லயத்தில் அவன் வீட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருப்பவர்கள். யோசிக்காமல் வாய்க்கு வந்தது.

"முழுப்பேரு உண்டுன்னு துரை சொல்லுதாரு."

பெண்கள் கைதட்டினார்கள். மச்சினனும் தட்டினான். முழுப்பேர் என்ற சொல் தெரியாத துரை எந்தத் தோட்டத்திலும் கிடையாது. அவர் மறுக்க வாயெடுத்தார். மச்சினன் தோளைத் தொட்டான்: மறுக்கக் கூடாது.

"ஆமாம்" என்றார் துரை, பல்லுக்கிடையில்.

"ஒன்று சேர்க்கவும் வேண்டும்" என்றான் மச்சினன்.

துரை சின்னமுத்துவைப் பார்த்துக்கொண்டே சேர்த்தார். "நாளையிலிருந்து இவன் பாக்டரியில் பாய்லருக்கு விறகு போடுவான்."

பெண்கள் அதற்குள் கூடைகளோடு சரிவில் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. மச்சினன் மட்டும் ஓடிவந்து சின்னமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஒரே காலையில் நீ எவ்வளவு வளர்ந்துவிட்டாய் என்றான்.